ஆடுகளம் ஆடுவோருக்கே

இணையக் கால்பந்து ஒரு விளையாட்டு. இந்த ஒற்றை வாக்கியத்திலிருந்து எங்கள் இயக்கம் பிறக்கிறது. கன்ட்ரோலரைப் பற்றிய கைகளுக்குப் பின்னாலும் கைபேசித் திரையில் நகரும் கட்டைவிரல்களுக்குப் பின்னாலும் கணிப்பு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, நிதானம் இருக்கிறது, துணிவு இருக்கிறது. இவை கூடும் இடத்தில் பிறப்பது விளையாட்டே அன்றி வேறில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெறும் காட்சிப் போட்டியாக நின்ற திரைக் கால்பந்து, 2023இல் ஹாங்சோவில் பதக்கப் போட்டியாக எழுந்தது. ஐந்தே ஆண்டுகளில் வாசலில் நின்றது அவைக்குள் அமர்ந்தது. உலகம் ஏற்றுக்கொண்டதை நாங்கள் உரிமையாக அறிவிக்கிறோம்: விளையாட்டுக்குரிய நேர்மை இந்த ஆடுகளத்துக்கும் உண்டு; வீரருக்குரிய மதிப்பு இதில் ஆடும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

முப்பது ஆண்டுகள் இந்த ஆடுகளத்தை ஆண்ட ஒழுங்கு முடிந்துவிட்டது. 1993இல் முதல் ஃபிஃபா விளையாட்டைத் தந்த ஈஏ நிறுவனம் 2022 செப்டம்பரில் அந்தப் பெயரில் கடைசிப் பதிப்பை வெளியிட்டது. மறு ஆண்டு ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்று புதுப் பலகை மாட்டியது. கொனாமி தன் ப்ரோ எவலூஷன் சாக்கர் என்ற பெயரைத் துறந்து 2021 செப்டம்பர் 30 அன்று இ-ஃபுட்பாலை இறக்கியது. உருக்குலைந்த முகங்களோடு வந்த அந்த ஆட்டத்துக்காக உடனே வருத்தமும் தெரிவித்தது. பெயர்கள் மாறின, பலகைகள் மாறின. ஆடுபவரை வாங்குபவராக மட்டுமே காணும் பார்வை மாறவில்லை. அந்தப் பார்வையின் தோல்வியை நாங்கள் நிறுவ வேண்டியதில்லை. ஒவ்வொரு செப்டம்பரும் அதை நிறுவிச் செல்கிறது.

காலத்திலிருந்து தொடங்குகிறோம். கால்பந்து என்பதே காலத்தைக் கையாளும் கலை.

பாஸ் பட்டனை ஒருவர் அழுத்துகிறார். அந்த அழுத்தம் கன்சோலுக்குப் போகிறது. வீட்டு ரௌட்டருக்குப் போகிறது. தெருக் கம்பத்தில் தொங்கும் ஃபைபருக்குள் நுழைகிறது. நகரம் தாண்டி, சில சமயம் கடல் தாண்டி, ஏதோ ஒரு சர்வரைத் தொட்டுத் திரும்புகிறது. அதன் பிறகே பந்து காலை விட்டு அசைகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமின் ஆயுள் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் போடப்பட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் பாய்கிறது. கணக்கு எளிது: போக 16 மில்லி நொடி, வர 16 மில்லி நொடி, ஆக இரண்டு ஃபிரேம். வங்காள விரிகுடா எங்களிடம் கேட்கும் வரி அவ்வளவே. அதை மனமுவந்து செலுத்துகிறோம். இயற்கையோடு எங்களுக்கு வழக்கில்லை.

அந்த இரண்டு ஃபிரேமுக்கு மேல் சேரும் தாமதத்தின் பெரும்பகுதி மனிதர் எடுத்த முடிவு. சர்வரை எந்த ஊரில் வைப்பது என்பது முடிவு. எத்தனை வைப்பது என்பது முடிவு. யாருடைய இணைப்பை யாருடைய இணைப்போடு மோத விடுவது என்பது முடிவு. இந்த முடிவுகள் எங்களைக் கேட்காமல் எடுக்கப்படுகின்றன. இவற்றின் விலையை நாங்கள் கோல்களாகக் கட்டுகிறோம்.

தாமதம் நடுநிலையானது என்ற பொய்யையும் நாங்கள் மறுக்கிறோம். தாக்குபவர் தன் அடுத்த அசைவை முன்பே அறிவார். சற்றுத் தாமதித்தாலும் அவருடைய திட்டம் அவரிடமே இருக்கிறது. தடுப்பவர் கண்டு பதில் தர வேண்டியவர். எதிராளியின் முன்கள வீரர் பெட்டியின் விளிம்பில் இடப்புறம் திரும்புகிறார். கண் பார்த்துவிட்டது, விரல் அழுத்திவிட்டது, நம் தடுப்பாட்டக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அவர் அசையும்போது பந்து வலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே லேக் அடிக்கும் ஆட்டத்தில் இணைப்போடு சேர்ந்து ஆட்டத்தின் தத்துவமும் சாய்கிறது. பொறுமை தோற்கிறது, பாய்ச்சல் வெல்கிறது. இட நெறி சிதைகிறது, ஓட்ட வேகம் ஆள்கிறது. இரண்டு அதிவேக முன்கள வீரர்களை நிறுத்தி, தலைக்கு மேல் த்ரூ பால் தூக்கிப் போடும் ஒரே ஆட்டத்தை 'மெட்டா' என்று எல்லாரும் ஆடுகிறார்களே, அதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. ஆடுவோரின் ரசனையைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்டு தடுக்க முடியாத களத்தில் எவரும் கண்டு தடுக்கக் கற்க மாட்டார்.

இதற்கு மாற்று இல்லை என்பவர்களுக்கு வரலாறு பதில் சொல்லிவிட்டது. சண்டை விளையாட்டுகளின் ரசிகர்கள் இதே தாமதத்தை எதிர்கொண்டார்கள். அவர்களுள் ஒருவர் எழுதிய ஜிஜிபிஓ என்ற ரோல்பேக் முறை, எதிராளியின் அடுத்த அசைவை ஊகித்து ஆட்டத்தைத் தடையின்றி நகர்த்தியது. ஊகம் பிழைத்தால் நொடியின் சிறு பகுதிக்குள் பின்சென்று திருத்தியது. 2019இல் அது திறந்த மூலமாக எல்லாருக்கும் கிடைத்தது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் கேட்டார்கள். 2021இல் வந்த கில்டி கியர் ஸ்ட்ரைவ் என்ற சண்டை விளையாட்டு ரோல்பேக்கோடே வந்தது. இருபத்திரண்டு பேரும் ஒரு பந்தும் உருளும் களத்தில் அதே முறையைப் பொருத்துவது கடினம் என்பதை அறிவோம். கடினத்தை மதிக்கிறோம், அலட்சியத்தை மதிக்க மாட்டோம். ஆட்டம் தொடங்குமுன் இருவரின் இணைப்புத் தாமதமும், அதாவது பிங்கும், இருவருக்கும் தெரிய வேண்டும். மோசமான இணைப்பைத் தண்டனையின்றி மறுக்கும் உரிமை வேண்டும். சர்வர் எங்கே இருக்கிறது என்பது கம்பெனி ரகசியமாக இருக்கக் கூடாது.

அடுத்து, வீரர்களின் அட்டைகளும் அவற்றை மறைத்து விற்கும் பேக்குகளும்.

நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் ஒரு சிறுவன் பேக்கைப் பிரிக்கிறான். திரை இருள்கிறது, சுரங்கப்பாதை ஒளிர்கிறது. முதலில் ஒரு நாட்டின் கொடி. பிறகு ஆடும் இடத்தின் குறியீடு. பிறகு கிளப்பின் சின்னம். எல்லாவற்றுக்கும் பிறகே முகம். சூதாட்ட இயந்திரத்தின் உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று மூச்சைப் பிடித்து வைக்கும் அதே இலக்கணம் இது. முகம் தெரிந்ததும் மூச்சு வெளியேறுகிறது. பெரும்பாலும் ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் ஓர் அட்டை. அவன் அப்பாவின் கைபேசியை மறுபடி கையில் எடுக்கிறான்.

அட்டைகளைச் சேர்த்து அணி அமைக்கும் அல்டிமேட் டீம் முறை 2009இல் ஃபிஃபா 09இன் கூடுதல் இணைப்பாக நுழைந்தது. 2021 நிதியாண்டில் அந்த முறை ஈஏவுக்கு 160 கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது. அதில் பெரும்பகுதி கால்பந்திலிருந்து வந்தது. 2018 முதல் பேக்குகளின் வாய்ப்பு விகிதங்கள் வெளியிடப்படுகின்றன. உச்ச அட்டைக்கு நேராக 1 விழுக்காட்டுக்கும் குறைவு என்றிருக்கும். வெளியிட்டதால் அது நேர்மையாகிவிடவில்லை. செப்டம்பரில் தவம் கிடந்து பெற்ற அட்டை ஜனவரியில் வரும் 'டீம் ஆஃப் தி இயர்' முன் வெளிறுகிறது. கோடையில் வரும் 'டீம் ஆஃப் தி சீசன்' முன் பொருளிழக்கிறது. அடுத்த செப்டம்பரில் புதுப் பதிப்பின் வாசலோடு நின்றுவிடுகிறது. உழைப்பு ஓராண்டு, உரிமை ஓராண்டு, பிறகு வெறுங்கை.

பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இத்தகைய விற்பனையைச் சூதாட்டம் என்றது. 2019 ஜனவரி இறுதியோடு அந்நாட்டில் பேக்குகளை வாங்க உதவும் ஃபிஃபா பாயிண்ட் விற்பனை நின்றது. நெதர்லாந்தின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2022இல் மறுபுறம் தீர்ப்பளித்து, விதிக்கப்பட்டிருந்த ஒரு கோடி யூரோ அபராதத்தை நீக்கியது. பெலேயின் நாடான பிரேசில் 2025இல், சிறுவர்களை எட்டும் விளையாட்டுகளில் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. வரையறைகளை நீதிமன்றங்கள் விவாதிக்கட்டும். ஆடுவோரின் தீர்ப்பு வெளியாகிவிட்டது. திறமைக்கு விலை உண்டு, அது பயிற்சி. வெற்றிக்கு வழி உண்டு, அது ஆட்டம். இவற்றுக்கு இடையில் எந்தக் கல்லாப்பெட்டிக்கும் இடமில்லை.

2021இல் வந்த ஃபிஃபா 22இல் இந்தியன் சூப்பர் லீக் இடம்பெற்றது. சென்னையின் எஃப்சியின் நீலச் சட்டையைத் திரையில் கண்ட மகிழ்ச்சி எங்களில் பலருக்கு இன்னும் ஆறவில்லை. அந்தச் சட்டையை அல்டிமேட் டீமில் அணிந்து வந்தவருக்கு நேர்ந்ததையும் நாங்கள் அறிவோம். வெண்கலத்திலும் வெள்ளியிலும் நின்ற நம்மூர் அட்டைகள் எம்பாப்பேயின் தங்க அட்டைக்குப் பின்னால் ஓடி ஓடிக் களைத்தன. தன் ஊரின் சட்டையை நேசித்தவர் அந்த நேசத்துக்காகவே தோற்றார். நேசத்தைத் தண்டிக்கும் களத்தை நாங்கள் நிராகரிக்கிறோம். இரு தரப்புக்கும் ஒரே தரப்புள்ளி தந்து ஆடவிடும் முறை புதுமையும் அல்ல, கடினமும் அல்ல. சமமான அணிகள், சமமற்ற திறமைகள்: போட்டி என்பது இதுதான்.

எங்கள் மறுப்பு கம்பெனிகளோடு நிற்பதில்லை. எங்களுக்குள்ளே வளர்ந்த ஒரு நோயையும் மறுக்கிறோம். தோற்ற ஒவ்வோர் ஆட்டத்தையும் 'ஸ்கிரிப்ட்' என்று சொல்லி எழும் பழக்கம் அது. ஆட்டத்தின் கடினத்தை ரகசியமாகக் கூட்டிக் குறைக்கிறார்கள் என்று 2020இல் கலிஃபோர்னியாவில் ஈஏ மீது வழக்கு தொடுக்கப்பட்டது. மறு ஆண்டே தொடுத்தவர்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆதாரமற்ற ஐயம் ஆடுபவரின் வளர்ச்சியைக் கொல்கிறது. 90ஆவது நிமிடத்தில் கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து கால்பந்தின் இயல்பு. அதைச் சதி என்பவர் அடுத்த ஆட்டத்திலும் அதே இடத்திலிருந்து அதே தவறைச் செய்வார். வதந்திக்கு மருந்து வெளிப்படை. ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பின் தாமதமும் இணைப்பின் நிலையும் பதிவாக எங்கள் முன் விரியட்டும். எது சர்வரின் குற்றம், எது நம் குற்றம் என்பதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

இந்த விளையாட்டு தந்தவற்றுள் உயர்ந்தது எது என்று கேட்டால் எங்கள் பதில் ஒன்றே: பதினொருவர் ஆட்டம். 2010இல் வந்த ஃபிஃபா 11, கோல்கீப்பரின் கையுறையையும் இணைய ஆட்டத்தில் மனிதக் கைகளிடம் தந்தது. பதினொருவரும் மனிதர் என்ற அணி அன்று முழுமை பெற்றது. ஒருவருக்கு ஒரு வீரர், ஒருவருக்கு ஓர் இடம். இங்கே இடது பின்கள வீரர் ஒரு பாதி முழுவதும் பந்தைத் தொடாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். கோடு பிடித்து நிற்கிறார், ஆளை மறைக்கிறார், இடைவெளியை அடைக்கிறார். அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது. அவர் நகர்ந்தால் மட்டும் கோல் விழும். "மச்சான், பின்னாடி ஆள் வர்றான், திரும்பாத, எனக்கு விடு!" என்று ஹெட்செட்டில் ஒரு குரல் எழ, திரும்பாமலே ஒரே தொடுதலில் பந்தை விடும் அந்தக் கணத்தில் நம்பிக்கை என்ற சொல்லுக்கு உடல் கிடைக்கிறது. திருநெல்வேலியில் ஒருவரும் ஷார்ஜாவில் ஒருவரும் கோலாலம்பூரில் ஒருவரும் ஒரே தடுப்பு வரிசையில் நிற்க முடிகிற மைதானம் வேறு எங்கே இருக்கிறது?

இந்த முறைதான் நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. வேறு வேறு கன்சோல்காரர்கள் தம்முள் மோதும் வசதி 2022இல் ஃபிஃபா 23இல் வந்தபோதும் கிளப் எனப்படும் இந்தப் பதினொருவர் ஆட்டத்துக்கு அது கிட்டவில்லை. 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனியாளிடம் அட்டை விற்கலாம், அணியிடம் விற்க முடியாது என்பதே இந்தத் தாமதத்தின் காரணமாக எங்களுக்குப் படுகிறது. விற்க முடியாததே எங்கள் நடுவம். அணி எங்கள் அலகு. தோழமை எங்கள் நாணயம்.

நிலைபேறு எங்கள் அடுத்த கோட்பாடு. ப்ரோ எவலூஷன் சாக்கர் 6 வந்தது 2006இல். அதில் வரும் அட்ரியானோவின் இடதுகால் உதையை நினைத்தால் இன்றும் சிலருக்குக் கை தானாகச் சதுரப் பட்டனைத் தேடும். உரிமம் இல்லாததால் அதில் லிவர்பூலுக்குப் பெயர் 'மெர்சிசைட் ரெட்'. ரசிகர்கள் உட்கார்ந்து பெயர்களைத் திருத்தினார்கள், சட்டைகளை வரைந்தார்கள், ஆப்ஷன் ஃபைலாகப் பகிர்ந்தார்கள். காசு கேட்கவில்லை. அதிகாரபூர்வ சர்வர்கள் அணைந்த பின்னும் ரசிகர்களே எழுதிய சர்வர் மென்பொருளில் அந்த ஆட்டம் உயிரோடு இருந்தது. கம்பெனி கைவிட்டதை மக்கள் காத்தார்கள். சந்தை புதைத்ததை அன்பு தோண்டியெடுத்தது. எங்கள் இயக்கத்தின் முன்னோர் அவர்களே.

அவர்கள் மௌனமாகச் செய்ததை இன்று பெருங்குரல் கேட்கிறது. யூபிசாஃப்ட் 2024 மார்ச் இறுதியில் தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை அணைத்தது; காசு கொடுத்து வாங்கியவர் கையில் ஓடாத ஆட்டம் எஞ்சியது. அதிலிருந்து எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்கள் குவிந்தன. ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வரும் கால்பந்தில் இந்தக் கேள்வி மேலும் கூர்மையானது. எந்தப் பதிப்பையும் அணைக்கும் அதிகாரம் கம்பெனிக்கு இருக்கலாம். அணைக்கும் நாளில், ஆடுவோரே சர்வரை ஏற்று நடத்தத் தேவையான கருவிகளை ஒப்படைக்கும் கடமையும் அதற்கு உண்டு.

ஒழுக்கம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். நேர்மையாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கோல் முன்னிலையில் பந்தைப் பின்களத்தில் சுற்றவிடுவது தந்திரம். அதைப் பழிக்க மாட்டோம். ஒவ்வொரு கோலுக்கும் ரீப்ளேயை முழுதாக ஓடவிட்டு, தோற்றுக்கொண்டிருப்பவரை உட்கார வைத்துப் பார்க்கச் செய்வது சிறுமை. அதைப் பொறுக்க மாட்டோம். தோல்வி நெருங்கும்போது இணைப்பை அறுத்து ஓடுவது கோழைத்தனம். ஆனால் மின்வெட்டில் அறுந்த ஆட்டமும் மனம் வைத்து அறுத்த ஆட்டமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தண்டனையில் தள்ளும் முறை, மின்சாரம் நிற்காத ஊர்களுக்காக எழுதப்பட்ட முறை.

பெண்களைப் பற்றி அழுத்திச் சொல்கிறோம். 2015இல் ஃபிஃபா 16இல் பன்னிரண்டு பெண்கள் தேசிய அணிகள் முதன்முதலாக வந்தன. 2023இல் ஆண் அட்டைகளும் பெண் அட்டைகளும் ஒரே அணியில் சேர்ந்தன. திரையில் இடம் கிடைத்தது, மைக்கில் கிடைக்கவில்லை. பெண் குரல் கேட்டதும் மாறும் பேச்சை, வசையை, இளிப்பை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், கேட்டும் ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள். எங்கள் களங்களில் அது நடக்காது. வசைபாடுபவர் எத்தனை கோல் அடிப்பவராக இருந்தாலும் வெளியே நிற்பார். அவரில்லாமல் தோற்கும் அணி எங்களுக்குப் போதும்.

கைபேசியில் ஆடுவோரை இரண்டாம் தரமாக எண்ணும் மனப்பான்மைக்கும் இங்கே இடமில்லை. கன்சோலும் டிவியும் வாங்க இயலாத வீடுகளிலும், மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடும் கேமிங் சென்டர் கூட இல்லாத ஊர்களிலும் இந்த விளையாட்டை வாழவைப்பவர்கள் அவர்களே. இணையக் கால்பந்தின் பெருந்திரள் அந்தச் சிறிய திரைகளில் இருக்கிறது. எதிர்காலமும் அங்கேதான் இருக்கிறது.

கம்பெனிகள் திருந்தும்வரை காத்திருக்கப் போவதில்லை. எங்கள் லீக்குகளை நாங்களே நடத்துவோம். அவற்றில் அணிகள் சமமாக இருக்கும். பேக்கில் வாங்கிய எந்த அட்டையும் செல்லாது. ஆட்டத்துக்கு முன் இருவரும் பிங்கைப் படமெடுத்துப் பகிர்வார்கள். இணைப்பு அறுந்தால் அறுந்த நிமிடத்திலிருந்து, அதே கோல் கணக்கோடு, ஆட்டம் தொடரும். பரிசுப் பணம் இருக்காது; பந்தயம் கட்டுவோர் நீக்கப்படுவார்கள். கன்சோலுக்கு ஒரு பிரிவு, கைபேசிக்கு ஒரு பிரிவு, இரண்டுக்கும் ஒரே மதிப்பு. பதினொருவர் அணிகளுக்குத் தனிக் கோப்பை, அதுவே முதற்கோப்பை. பழைய பதிப்புகளை ஆடுவோருக்கும் ஓர் அரங்கு உண்டு. 2006இன் ஆட்டத்தை ஆட வருபவரை எவரும் பழமைவாதி என்று அழைக்க மாட்டார்கள்.

சேர விரும்புவோரிடம் உங்கள் டிவிஷன் எது, ஓவரால் எவ்வளவு என்று விசாரிக்க மாட்டோம். 0-3 என்று பின்தங்கிய ஆட்டத்தை, ரீப்ளேக்களையும் பொறுத்துக்கொண்டு, இறுதி விசில் வரை ஆடி முடிப்பீர்களா என்று மட்டும் கேட்போம். ஆம் என்பவரின் பெயர் அடுத்த வாரமே ஆட்ட அட்டவணையில் ஏறும்.